நார்ஃபோக் முதல் மயாமி வரை: இருவர் ஒரு பாய்மரப் படகில் போவதற்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, ஆறுகளையும் காயல்களையும் வெட்டுக்கால்வாய்களையும் கோத்துக்கொண்டு ஒரு நீர்வழி போகிறது. பெயர் இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே. வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக்கில் பூஜ்ய மைல். மயாமி ஏறத்தாழ 1,090-வது மைல். குளிர் இறங்குவதற்குள் தெற்கே போய்விட வேண்டும் என்று இலையுதிர்காலத்தில் இந்த வழியாகப் போகிறவர்களில் தம்பதிகளே அதிகம். முப்பது, நாற்பது அடிப் படகு, இரண்டே பேர், ஐந்தாறு வாரம்.

இந்த வழியில் போய்வந்த யாரைக் கேட்டாலும் முன்பின் தெரியாதவர்கள் செய்த உதவியைத்தான் முதலில் சொல்வார்கள். கயிற்றைப் பிடித்துக் கட்டியவர், காரைக் கொடுத்தவர், சேற்றில் சிக்கியபோது நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டவர். இதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட வேண்டாம். படகு ஒழுங்காக இருந்து, கையில் நேரமும் இருந்து, எதைக் கேட்பது என்றும் தெரிந்திருந்தால் அந்த உதவி வந்து சேரும், வந்த உதவி பலனும் தரும். ஆகவே நங்கூரத்துக்கும் இன்ஜினுக்கும் தயாராவதுபோல் இதற்கும் தயாராக வேண்டும்.

எப்போது கிளம்புவது

அட்லாண்டிக்கில் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நவம்பர் தொடங்கும்வரை குறிப்பிட்ட எல்லைக்குத் தெற்கே போகக்கூடாது என்று பல காப்பீட்டுப் பத்திரங்களில் ஒரு விதி இருக்கும். அதைப் படித்துவிட்டுத் தேதி குறியுங்கள். அக்டோபர் நடுவிலிருந்து கடைசி வாரத்துக்குள் நார்ஃபோக்கை விடுவது பலருக்கும் ஒத்துவருகிறது. இன்னும் தாமதித்தால் வட கரோலினா இரவுகள் உறைநிலையைத் தொட ஆரம்பிக்கும், பகல் வெளிச்சமும் சுருங்கும்.

கணக்கு இப்படிப் போடுங்கள். இந்த வழியின் மைல்கள் தரை மைல்கள், கடல்மைல்கள் அல்ல. ஒரு கடல்மைல் 1.15 தரை மைல். மணிக்கு 6 கடல்மைல் ஓடும் படகு மணிக்கு 6.9 தரை மைல் போகும். ஒரு நாளைக்கு 50 மைல் என்றால் ஏழேகால் மணி நேரம். 1,090 மைலுக்கு 22 ஓட்ட நாட்கள். வாடைக்காற்று வீசும் நாட்கள், மழை, பழுது, ஊர் பிடித்துப்போய்த் தங்கும் நாட்கள் என்று இதே அளவு நாட்களைக் கூடுதலாக ஒதுக்குங்கள். ‘இந்தத் தேதிக்கு விமானம் பிடிக்க வேண்டும்’ என்ற அவசரத்தில்தான் போகக்கூடாத காற்றில் காயலைக் கடப்பார்கள், வற்றிய நீரில் மணல்திட்டைத் தாண்டப் பார்ப்பார்கள்.

படகைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியவை

முதலாவது பாய்மரத்தின் உயரம். நீர்மட்டத்திலிருந்து உச்சி வரை, அதற்கு மேல் நிற்கும் ரேடியோ ஆன்டெனாவையும் சேர்த்து அளக்க வேண்டும். விற்பனைத் தாளில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். பாய் ஏற்றும் கயிற்றில் அளவு நாடாவைக் கட்டி ஏற்றிப் பாருங்கள். மயாமி வாசலில் உள்ள ஒன்றைத் தவிர, இவ்வழியின் நிலையான பாலங்கள் உயர் ஓதத்தில் 65 அடி இடைவெளி விடும்படி கட்டப்பட்டவை. பெல்ஹேவன் அருகே 126-வது மைலில் உள்ள வில்கர்சன் பாலம் மட்டும் 64 அடிதான். அந்தப் பகுதியில் நிலவால் வரும் ஏற்றவற்றம் கிடையாது, காற்றுதான் நீரைத் தள்ளி ஏற்றும், இறக்கும். ஒரே திசையில் இரண்டு நாள் காற்றடித்தால் அந்த 64 அடியிலும் குறையும். பாலத்தின் அடியில் கம்பத்தில் எழுதியிருக்கும் இடைவெளிப் பலகையைத் தொலைநோக்கியில் படித்துவிட்டே நுழையுங்கள். 63 அடிக்குள் இருக்கும் மரத்துக்கு மயாமி வாசல் வரை கவலையில்லை.

இரண்டாவது ஆழம். நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அதற்குத் தெற்கே மயாமி வரை 10 அடி என்பது அரசு வகுத்த ஆழம். நிஜத்தில் மணல் வந்து அடையும் இடங்களில் 6, 7 அடிதான் இருக்கும். படகின் அடிக்கட்டை நீருக்குள் இறங்கும் ஆழம் 5 அடிக்குள் இருந்தால் நிம்மதியாகப் போகலாம். 6 அடி என்றால் ஏற்ற நேரம் பார்த்துத்தான் ஒவ்வொரு மோசமான இடத்தையும் தாண்ட வேண்டும்.

மூன்றாவது டீசல். இது பாய்மரப் பயணம்தான் என்றாலும் குறுகிய கால்வாயில் இன்ஜின்தான் ஓடும். காயல்களிலும் அகன்ற ஆறுகளிலும் பாய் விரிக்கலாம். 30 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கு 2 முதல் 2.5 லிட்டர் குடிக்கும். முழு வழிக்கும் 160 மணி நேரம், சுமார் 360 லிட்டர். கையிருப்பில் நீரிறைக்கும் பம்புக்கு இரண்டு இம்பெல்லர், டீசல் வடிகட்டி ஆறு, ஒரு பெல்ட், ஒரு முறை ஆயில் மாற்றத் தேவையான ஆயிலும் ஃபில்டரும். குடிநீர் இருவருக்கும் ஒரு நாளைக்கு 15 முதல் 20 லிட்டர் என்று வைத்துத் தொட்டியின் கணக்கைப் பாருங்கள்.

இருவருக்குள் வேலை

பெரும்பாலான படகுகளில் கணவர் சுக்கானில், மனைவி கயிற்றோடு முன்னால் என்று வழக்கமாகிவிடுகிறது. அதை மாற்றுங்கள். நங்கூரம் தூக்கவும் கயிறு வீசவும்தான் பலம் வேண்டும். சுக்கான் பிடிக்க நிதானம் போதும். அதைவிட முக்கியம், ஒருவர் தண்ணீரில் விழுந்தால் மிஞ்சியிருப்பவர் படகைத் திருப்பவும் ரேடியோவில் 16-வது அலைவரிசையில் உதவி கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடம் மாற்றிக்கொண்டாலே இரண்டு வாரத்தில் இருவருக்கும் எல்லாம் கைவந்துவிடும்.

நங்கூரம் போடும்போது கத்தவே கூடாது. இன்ஜின் சத்தத்தில் சொன்னது கேட்காது, கேட்டது வேறாகப் புரியும், பக்கத்துப் படகுகள் அத்தனையும் பார்க்கும். முன்னால் நிற்பவர் கைச்சைகை காட்டட்டும்: கை நீட்டிய திசையில் திருப்பு, மூடிய முஷ்டி என்றால் நியூட்ரல், கட்டைவிரல் பின்னோக்கி என்றால் ரிவர்ஸ். இந்த மூன்றும் போதும்.

டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய்

நார்ஃபோக்கை விட்டதும் வழி இரண்டாகப் பிரியும். அடிக்கட்டை ஐந்தரை அடிக்குள் இருந்து அவசரமும் இல்லையென்றால் வலப்பக்கம் திரும்பி டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாயில் போங்கள். 22 மைல் நீளம். 1793-ல் தோண்டத் தொடங்கி 1805-ல் திறந்தார்கள். சதுப்பில் இடுப்பளவு நீரில் நின்று அதைத் தோண்டியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். தப்பி ஓடியவர்கள் ஒளிந்து வாழ்ந்ததும் இதே சதுப்பில்தான். இரு கரையிலும் சைப்ரஸ் மரங்கள், தேநீர் நிறத்தில் தண்ணீர். அந்த நீர் படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், பழுப்புக் கறையாகப் படியும். எலுமிச்சைச் சாறு தேய்த்தால் போய்விடும்.

இரு முனையிலும் மதகுள்ள லாக் இருக்கிறது. வடக்கே டீப் க்ரீக், தெற்கே சவுத் மில்ஸ். ஒவ்வொன்றும் படகை ஏறத்தாழ 8 அடி ஏற்றும் அல்லது இறக்கும். காலை 8:30, 11:00, பகல் 1:30, 3:30 என்பது திறக்கும் நேரம். கிளம்புமுன் ஒரு முறை சரிபாருங்கள். 13-வது அலைவரிசையில் பெயர் சொல்லி, தெற்கே போகிறோம் என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே போகுமுன் இரு பக்கமும் மோதல் தாங்கும் ஃபெண்டர்களைத் தொங்கவிட்டு, 50 அடிக் கயிறு இரண்டை எடுத்துவையுங்கள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். லாக் பொறுப்பாளர் கயிற்றைத் தூணில் சுற்றித் திருப்பித் தருவார். முனையைக் கையில் வைத்திருங்கள், கயிறு கட்டும் கொம்பான கிளீட்டில் கட்டிவிடாதீர்கள். நீர் இறங்கும்போது கட்டிய கயிறு படகைத் தொங்கவிட்டுவிடும். பெரும்பாலும் லாக்கையும் அடுத்த பாலத்தையும் ஒரே ஆள்தான் கவனிப்பார். உங்களை வெளியே விட்டுவிட்டுக் காரில் போய்ப் பாலத்தைத் திறப்பார். அதுவரை மெதுவாகப் போங்கள்.

கால்வாயில் நீரடியில் கட்டைகள் கிடக்கும். வேகத்தைக் குறைத்து நடு ஓட்டத்திலேயே போங்கள். தட் என்று சத்தம் வந்தால் உடனே நியூட்ரல். படகைத் தள்ளும் விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போது கட்டை பட்டால்தான் சேதம்.

28-வது மைலில் நெடுஞ்சாலை 17-ஐ ஒட்டிய வரவேற்பு நிலையத்தில் இலவசமாகக் கட்டலாம். கரை நிரம்பிவிட்டால் கட்டியிருக்கும் படகின் மேல் படகாகக் கட்டுவார்கள். இடம் கேட்டு வருபவருக்கு மறுக்காதீர்கள். உங்கள் ஃபெண்டர்களை வெளிப்பக்கம் மாற்றிக் கொடுங்கள். அடுத்தவர் படகைக் கடந்து கரையேறும்போது அணியம் வழியாகப் போங்கள், அவர்கள் உட்காரும் இடம் வழியாக அல்ல.

எலிசபெத் சிட்டி

51-வது மைல், பாஸ்கோடாங்க் ஆற்றங்கரை. மாரினர்ஸ் வார்ஃப் என்ற ஊர்த் துறையில் 48 மணி நேரம் காசில்லாமல் நிற்கலாம். 1983-ல் இங்கே வந்த படகுகளைப் பார்த்துவிட்டு ஜோ கிராமர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஃப்ரெட் ஃபியரிங் என்ற இரண்டு நண்பர்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். கிராமர் தன் தோட்டத்து ரோஜாவைக் கொடுத்து வரவேற்பார். மாலையில் எல்லோருக்கும் ஒயினும் சீஸும். ரோஸ் பட்டீஸ் என்று பெயர் நிலைத்துவிட்டது. கிராமர் இறந்தபின் அவருடைய ரோஜாச் செடிகளைத் துறையோரத்திலேயே கொண்டுவந்து நட்டார்கள். இரண்டு பேரால் தொடங்கிய ஒன்றை ஊரே ஏற்றுக்கொண்டது. கரையோர ஊர்களின் உபசரிப்பைப் பேசும்போது இந்த ஊரைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: தென்கிழக்குக் காற்றில் அந்தத் துறை குலுங்கித் தள்ளும். காற்று அந்தப் பக்கம் திரும்பும் என்றால் ஆற்றின் எதிர்ப்பக்கத்திலோ வேறிடத்திலோ ஒதுங்குங்கள்.

அங்கிருந்து ஆல்பமார்ல் காயலைக் கடக்க வேண்டும். ஆழம் குறைவு, பரப்பு அதிகம். ஆகவே காற்று சற்று ஏறினாலும் அலை குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். மணிக்கு 15 கடல்மைலுக்கு மேல் எதிர்க்காற்று என்றால் கிளம்பாதீர்கள். வடக்கு, வடமேற்குக் காற்று தணியத் தொடங்கும் மறுநாள் காலைதான் நல்ல நேரம், அன்று பாயிலேயே போகலாம்.

குறிகளும் பாலங்களும்

கம்பங்களில் சிவப்பு, பச்சைப் பலகைகளின் மேல் சின்ன மஞ்சள் முக்கோணமோ சதுரமோ ஒட்டியிருக்கும். தெற்கே போகும்போது மஞ்சள் முக்கோணம் வலப்பக்கம், மஞ்சள் சதுரம் இடப்பக்கம். கடல்வாய்களின் அருகே சிவப்பும் பச்சையும் இடம் மாறும், அங்கே பலகையின் நிறத்தைப் பார்த்து ஓட்டினால் திட்டில் ஏறுவீர்கள். மஞ்சளை மட்டும் பாருங்கள்.

பாலங்களை வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும் 13-வது அலைவரிசையிலும், தென் கரோலினா, ஜார்ஜியா, ஃப்ளோரிடாவில் 9-வது அலைவரிசையிலும் கூப்பிடுங்கள். நேரம் வைத்துத் திறக்கும் பாலங்களுக்குக் கணக்கு தேவை. உதாரணமாக ரைட்ஸ்வில் பீச் பாலம் மணிக்கு ஒரு முறை. அதற்கு 5 மைல் வடக்கே ஃபிகர் எய்ட் தீவுப் பாலம் அரை மணிக்கு ஒரு முறை. மணிக்கு 6.9 மைல் போகும் படகுக்கு இடைப்பட்ட தூரம் 43 நிமிடம். ஃபிகர் எய்ட்டை முழு மணிக்குத் தாண்டினால் 17 நிமிடம் காத்திருந்து அடுத்ததைப் பிடிக்கலாம். அரை மணிக்குத் தாண்டினால் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டி முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். ஆகவே ஃபிகர் எய்ட்டுக்கு மெதுவாக வந்து அதை முழு மணிக்குத் தாண்டுவதே நல்லது.

பின்னால் பெரிய மோட்டார் படகு வந்து ‘ஸ்லோ பாஸ்’ என்று ரேடியோவில் கேட்டால் ஒப்புக்கொண்டு நீங்களும் வேகத்தைக் குறையுங்கள். நீங்கள் 6-ல் போனால் அவர் 8, 9-ல் கடக்க வேண்டியிருக்கும், அந்த வேகத்தில்தான் அவர் படகு பெரிய அலையைக் கிளப்பும். நீங்கள் 3-க்கு இறங்கினால் அவர் 5-ல் அலையில்லாமல் போய்விடுவார். போனபின் நன்றி சொல்லுங்கள். அடுத்த திட்டில் உங்களுக்கு ஆழம் சொல்லப்போவது அவராகவே இருக்கலாம்.

தரை தட்டினால்

லாக்வுட்ஸ் ஃபாலி, ஷலாட் போன்ற கடல்வாய்களில் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் மணல் இடம் மாறுகிறது. ராணுவப் பொறியாளர் படை எடுக்கும் ஆழ அளவீடுகளை அக்வா மேப் போன்ற செயலிகளில் பார்க்கலாம். அனுபவசாலிகள் தாங்கள் ஓட்டிய தடத்தைப் பதிவுசெய்து காசு வாங்காமல் பகிர்கிறார்கள். முகம் தெரியாதவர் செய்யும் உதவிகளில் இதுவும் ஒன்று, பதிலுக்கு நீங்கள் பார்த்த ஆழத்தையும் அங்கே எழுதிவையுங்கள். குறுக்கு நீரோட்டம் உள்ள இடத்தில் முன்னால் உள்ள குறியை மட்டும் பார்த்து ஓட்டினால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போவது தெரியாது. கடந்துவந்த குறியையும் திரும்பிப் பாருங்கள்.

அப்படியும் தட்டிவிட்டால் முதல் வேலை நியூட்ரல். முன்னோக்கி இன்ஜினை முறுக்காதீர்கள், இன்னும் ஆழமாகப் புதையும். ஏற்றமா வற்றமா என்று பாருங்கள். ஏற்றம் என்றால் காத்திருப்பதே வைத்தியம். வற்றம் என்றால் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது செய்ய வேண்டும்: வந்த வழியே மெதுவாக ரிவர்ஸ், வெப்பமானியில் ஒரு கண், ஏனென்றால் கலங்கிய சேறு நீர் வடிகட்டியை அடைத்து இன்ஜினைக் கொதிக்கவைக்கும். நகரவில்லையென்றால் பாய்த்தண்டைப் பக்கவாட்டில் வெளியே தள்ளி அதன் நுனியில் நீர்க்கேன்களைத் தொங்கவிடுங்கள்; படகு சாய்ந்தால் அடிக்கட்டை சில அங்குலம் மேலே வரும்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்தில் மீன் பிடித்துக்கொண்டிருப்பவர் வந்து ‘இழுத்துவிடட்டுமா?’ என்பார். அவர் நல்ல மனத்தோடுதான் கேட்கிறார். ஆனால் 200 குதிரைத்திறன் மோட்டார் வெடுக்கென்று இழுத்தால் கிளீட் பிடுங்கிக்கொண்டு பறக்கும், கயிற்றின் பாதையில் நிற்பவருக்கு உயிராபத்து. அவரிடம் வேறொன்றைக் கேளுங்கள்: ‘எங்கள் சின்ன நங்கூரத்தை அந்த ஆழமான பக்கம் 150 அடி தள்ளிப் போட்டுவிட முடியுமா?’ அவருக்கு இரண்டு நிமிட வேலை. பிறகு நீங்கள் கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் கயிற்றைச் சுற்றி நிதானமாக இழுத்து வெளியே வரலாம். உயிராபத்து இல்லாத தரைதட்டலுக்குக் கடலோரக் காவல்படை பொதுவாக இழுத்துவிட வராது. ஆகவே படகை இழுத்துவிடும் போட்யூஎஸ் அல்லது சீ டோ நிறுவனத்தின் சந்தாவைக் கிளம்புமுன் வரம்பில்லாத வகையில் எடுத்துவையுங்கள்.

ஜார்ஜியாவில் ஏற்றவற்ற வித்தியாசம் 7 முதல் 9 அடி. ஹெல் கேட், லிட்டில் மட் ரிவர், ஜெக்கில் க்ரீக் மூன்றையும் பாதி ஏற்றத்துக்குப் பிறகு, நீர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே தாண்டுங்கள். நங்கூரக் கணக்கிலும் அந்த அடிகளைச் சேர்க்க வேண்டும். 10 அடி ஆழம், 8 அடி ஏற்றம், அணியத்தின் உயரம் 4 அடி, மொத்தம் 22. விட வேண்டிய நங்கூரக் கயிறு அதைப்போல் ஐந்து மடங்கு, 110 அடி. காற்று வலுத்தால் ஏழு மடங்கு 154 அடி.

துறையில் கயிறு பிடிக்க வருபவர்

படகு நெருங்கியதும் யாராவது ஓடிவந்து கை நீட்டுவார். முன்கயிற்றைக் கொடுத்தால் பலத்தையெல்லாம் போட்டு இழுப்பார். அணியம் துறையில் மோதும், பின்புறம் நீரோட்டத்தில் வெளியே போகும், பக்கத்துப் படகில் இடிக்கும். அதனால் முதலில் நடுப்பக்கக் கயிற்றைக் கொடுங்கள். நுனியில் பெரிய கண்ணி போட்டுவைத்து, ‘இதை அந்தப் பின் கிளீட்டில் மாட்டினால் போதும், இழுக்க வேண்டாம்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். கண்ணி மாட்டியதும் கியரை மெதுவாக முன்னோக்கிப் போட்டால் படகு தானே துறையோடு ஒட்டி நிற்கும். மற்ற கயிறுகளை ஆற அமரக் கட்டலாம். துறைக்குத் தாவாதீர்கள், எட்டி வைக்கும் தூரம் வரும்வரை பொறுங்கள்.

உதவியை வாங்குவதும் திருப்புவதும்

துறையில் யாராவது கடைக்குப் போகக் கார் தருகிறேன் என்றால் தயங்காமல் வாங்குங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லி, அதற்கு முன்பே வந்து, டேங்கை நிரப்பிக் கொடுங்கள். காசு நீட்டினால் பலருக்குச் சங்கடம். அன்று மாலை படகுக்கு அழைத்துச் சமைத்துப் போடுவது ஏற்புடையது. படகின் பெயர், உங்கள் இருவர் பெயர், ஒரு தொடர்பு எண் அச்சடித்த சிறு அட்டைகளை நூறு எடுத்துச் செல்லுங்கள். இந்த வழியில் ஒருவரையொருவர் படகின் பெயரால்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

1952-ல் தொடங்கிய செவன் சீஸ் க்ரூஸிங் அசோசியேஷன், பின்னால் வருபவருக்குக் கெட்ட பெயரை விட்டுச்செல்லாதே என்பதை உறுப்பினர்களின் நெறியாகவே வைத்தது. வட கரோலினாவின் ஓரியன்டல் ஊரின் இலவசத் துறையில் அனுமதித்த நாளுக்கு மேல் ஒட்டிக்கொண்டு நிற்பவராலும், குப்பையைத் தெருத்தொட்டியில் திணிப்பவராலும்தான் ஊர்கள் இலவசத் துறையைக் கைவிட நினைக்கும்.

எச்சரிக்கையும் வேண்டும். தினமும் மாலை எங்கே நிற்கிறீர்கள் என்று தரையிலுள்ள ஒருவருக்குச் செய்தி அனுப்புங்கள். புதியவரோடு போகும்போதும் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

நவம்பர் நான்காம் வியாழன் நன்றி நவிலல் நாள். ஜார்ஜியாவின் செயின்ட் மேரீஸ் ஊரில் பல ஆண்டுகளாக ஊர்க்காரர்கள் வான்கோழி சமைத்துத் தர, படகுக்காரர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் வழக்கம் இருந்துவருகிறது. 2017-ல் இர்மா சூறாவளி அந்தத் துறையை நாசமாக்கியது என்பதால் நீங்கள் போகும் வருடத்து ஏற்பாட்டை முன்கூட்டியே விசாரியுங்கள். தவறவிட்டால் ஃப்ளோரிடாவின் வீரோ பீச், 952-வது மைல். அங்கே ஒரே மிதவையில் இரண்டு மூன்று படகுகளைச் சேர்த்துக் கட்டுவார்கள். பக்கத்துப் படகு யாருடையது என்று உங்களால் தேர்ந்தெடுக்க முடியாது. ஃபெண்டர்களை உயர்த்திக் கட்டி, இரு படகுகளின் மரங்களும் ஆடும்போது முட்டாதபடி முன்பின் தள்ளி நிறுத்துங்கள்.

மயாமிக்குள் நுழைவது

கடைசித் தடை 1,087-வது மைலில் உள்ள ஜூலியா டட்டில் பாலம். உயரம் 56 அடிதான். அதைவிட உயரமான மரம் உள்ளவர்கள் ஃபோர்ட் லாடர்டேலில் போர்ட் எவர்கிளேட்ஸ் வழியாகக் கடலுக்கு வெளியே போய், ஏறத்தாழ 20 கடல்மைல் தெற்கே ஓடி, கவர்ன்மென்ட் கட் வழியாக உள்ளே வர வேண்டும். வளைகுடா நீரோட்டம் அங்கே கரைக்கு மிக அருகில் வடக்கு நோக்கி ஓடுகிறது. கரையிலிருந்து ஒன்றிரண்டு மைலுக்குள் நின்றால் அதன் பிடியிலிருந்து தப்பலாம். காற்று வடக்கிலிருந்து வந்தால் அந்த ஓட்டத்தோடு மோதி அலை செங்குத்தாக எழும், அன்று ஃபோர்ட் லாடர்டேலிலேயே இருங்கள். காற்று கிழக்கு, தென்கிழக்குக்குத் திரும்பி மணிக்கு 10 கடல்மைல் அளவில் நிற்கும் நாளில் விடியற்காலை கிளம்பினால், பாய் விரித்து மதியத்துக்குள் உள்ளே வந்துவிடலாம்.